ஆளைக் கூட்டுவதா, கொத்தனாரைக் கூட்டுவதா?

கேள்வி: மூன்று வருடமாகத் தோட்டம் அமைப்பது, பேவர் பிளாக் பதிப்பது என வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு கொத்தனார், மூன்று கையாட்கள், செடி வேலைக்கு ஓர் அக்கா என ஐந்து பேர். கொத்தனாருக்கு நாள் சம்பளம் 1,000, கையாளுக்கு 700. இந்த வைகாசியில் மூன்று வேலைகள் ஒன்றாக வந்துவிட்டன. கேடிசி நகரில் ஆவணியில் பால் காய்ச்சப்போகும் வீட்டுக்கு 1,200 சதுர அடி பேவர் தளம், மகாராஜநகரில் ஒரு தோட்டம், ஒரு கல்யாண மண்டபத்துக்கு 4,000 சதுர அடி பார்க்கிங். மூன்றுக்கும் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். பன்னிரண்டு பேராக்கிவிடலாமா?
- ஒரு வாசகர், பெருமாள்புரம்

பதில்: தம்பி, பன்னிரண்டு வேண்டாம். இப்போதைக்கு உங்களுக்குத் தேவை இன்னும் ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் கையாளாக இருக்கக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் திருநெல்வேலியில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் விழுந்த காம்பவுண்டு, பெயர்ந்த முற்றம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். ஆறு பேரை வைத்திருந்த நான் பதினான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று இடத்தில் வேலையைத் தொடங்கினேன். கையாட்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். ஆனால் நூல் பிடித்து மட்டம் பார்க்கத் தெரிந்தவர் என்னிடம் அதே ஒருவர்தான். வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டு முற்றத்தில், தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் வாசற்படிக்கு வரும்படி பதித்துவிட்டார்கள். சாயங்காலம்தான் நான் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மா கொஞ்ச நாள் முன்னால்தான் வீட்டுக்குள் வெள்ளத்தில் நின்றவர். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. என் செலவிலேயே பெயர்த்து மறுபடி பதித்துக் கொடுத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், தலையை எண்ணாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு வைத்து நூல் கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அத்தனை செட்தான் உங்களால் நடத்த முடியும்.

பேவர் வேலைக்கு ஒரு செட் என்றால் மூன்று பேர். கொத்தனார் கல்லைப் பதிப்பார், ஒருவர் எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் மணலைப் பரப்பி மட்டப்பலகை இழுப்பார், ஓரத்துக்குக் கல் வெட்டுவார். நான்காவது ஆள் பெரும்பாலும் நிற்கத்தான் செய்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பேருக்கு நாளைக்கு 2,400 ரூபாய். அடித்தளம் தயாரான இடத்தில் அவர்கள் 300 சதுர அடி பதித்தால், அடிக்கு 8 ரூபாய் கூலி. ஐந்து பேரை விட்டால் 3,800. பதிக்கும் கை ஒன்றுதான் என்பதால் 350-க்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்வோம். அடிக்குக் கிட்டத்தட்ட 11 ரூபாய் ஆகிவிடும். என் எண்ணை நம்ப வேண்டாம். முடித்த மூன்று வேலைகளின் நோட்டை எடுத்து, எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை அடி என்று நீங்களே போடுங்கள்.

அப்படியானால் கூட்டம் எங்கே தேவை? மண் வெட்டும்போது. 1,200 சதுர அடியை 8 அங்குலம் தோண்டினால் 800 கன அடி மண். அதற்கு நிரந்தர ஆள் எதற்கு? ஜேசிபி ஒரு பொழுதில் முடித்துவிடும். வண்டி நுழையாத டவுன் சந்து என்றால் இரண்டு நாளைக்கு மட்டும் கூடுதல் ஆள் கூப்பிடுங்கள். ஜல்லி போட்டுக் கெட்டிப்படுத்துவதை மட்டும் ஆள் வைத்து அவசரப்படுத்த முடியாது. அடித்து இறுக்கும் கம்பாக்டர் மெஷின் ஒன்றுதானே? நாலு அங்குலம் போட்டு, ஓட்டி, அடுத்த நாலு அங்குலம் போட வேண்டும். கரிசல் மண் இருக்கும் இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். அது மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அவசரமாகப் போட்ட தளம் அடுத்த ஐப்பசியிலேயே பள்ளம் விழுந்துவிடும்.

இப்போது உங்கள் ஐந்து பேரைப் பாருங்கள். உண்மையில் உங்களிடம் இரண்டு செட் இருக்கிறது. கொத்தனாரும் இரண்டு கையாட்களும் கல் வேலைக்கு, அந்த அக்காவும் மூன்றாவது கையாளும் தோட்டத்துக்கு. கொரியன் புல் பதித்தால் முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவர்களைக் கல் சுமக்க இழுத்துப் போனால் புல் காய்ந்துவிடும். மகாராஜநகரை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கேடிசி நகரை ஆனிக்குள் முடித்துவிடலாம். அடித்தளத்துக்கு நான்கைந்து நாள், பதிக்க நான்கு நாள். மண்டபத்தை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலியாக இருக்கும். கல்யாண பஸ் ஏறும் இடம் என்பதால் 80 மில்லிமீட்டர் தடிமன் கல் போட வேண்டும். கனம் அதிகம், ஒரு நாளைக்கு 250 அடி ஓடினால் 16 நாள். அடித்தளத்துக்கு ஜேசிபியும் வாடகை ரோலரும் வைத்தால் ஒரு வாரம். ஆடியில் கையாட்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போவார்கள், பிடிக்காதீர்கள். அந்த விடுப்பையும் சேர்த்தே தேதி சொல்லுங்கள்.

நான் சொன்ன அந்த ஒரு ஆள் இரண்டாவது கொத்தனார். வெளியில் தேடுவதற்கு முன் உங்கள் மூத்த கையாளைப் பாருங்கள். ஒரு காலைப் பொழுது நூலையும் ரசமட்டத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சரியாகக் கட்டினால் சம்பளத்தை உடனே உயர்த்துங்கள், தாமதித்தால் வேறு யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் நாலைந்து வேலை தனியாக முடித்த பிறகு, இரண்டாவது கல் செட் போடலாம். அப்போது மொத்தம் எட்டுப் பேர். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டும் வேலை நின்றாலும் எட்டுப் பேருக்குப் பராமரிப்பு, செடி நடவு என்று ஏதாவது கொடுத்துவிடலாம். பன்னிரண்டு பேரை அந்த இரண்டு மாதம் வெறும் கையோடு வீட்டுக்கு அனுப்ப நேரும். பத்துப் பேரைத் தொட்டால் இஎஸ்ஐ கணக்கும் வரும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது இருப்பவர்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியவைத்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

மண்டபத்துக்காரரிடம் நாளைக்கே நேரில் போய், ஆடி முதல் தேதி தொடங்குகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அதற்குள் வேண்டும் என்று அவர் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.