விரல் மரத்துப்போனால் தலைக்கு ஸ்கேன் எதற்கு?

முக்கூடலில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “வயது 46. இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறேன். நாலு மாதமாக வலது கை மரத்துப் போகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில்தான் அதிகம். ராத்திரி எரிச்சலில் தூக்கம் கலைந்துவிடும். கையை உதறினால்தான் சரியாகிறது. தெரிந்தவர் ஒருவர், ‘இது மூளை நரம்புக் கோளாறு, தலைக்கும் கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கணும், குறைந்த விலைக்கு நானே ஏற்பாடு செய்றேன்’ என்கிறார். எடுக்கலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். சுண்டுவிரலை நீங்கள் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? பாதி பதில் அதில் இருக்கிறது.

மூளையும், முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடமும்தான் நரம்புகளின் தலைமையிடம். மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 ஜோடியும் கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. கழுத்திலிருந்து வரும் நரம்புகள் தோளருகே பின்னிப் பிணைந்து கைக்கு இறங்குகின்றன. அவற்றில் ஒன்று, மணிக்கட்டு எலும்புக்கும் கெட்டியான ஒரு பட்டைக்கும் நடுவே ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்து நுழைந்து, நீங்கள் சொன்ன மூன்று விரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் போகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, வேறு வழி. நாளெல்லாம் கத்தரியால் இலை வெட்டி, மணிக்கட்டை மடக்கிச் சுற்றும் கையில் அந்த இடம் வீங்கி நரம்பை அழுத்தும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் மடையில் அடைத்த சகதியைப் பார்ப்போமா, பாபநாசம் அணைக்கு ஆள் அனுப்புவோமா?

நம் ஊர்ப் பேச்சிலும் ஒரு சிக்கல். ‘நரம்புல ஊசி’ என்கிறோம், அது ரத்தக்குழாய். காலில் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பதும் ரத்தக்குழாய்தான். இந்தக் குழப்பத்தில்தான் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பலகை மாட்டியவர்கள் பிழைக்கிறார்கள். சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்காமலே பி12 ஊசி, என்ன கலந்ததென்று தெரியாத பொடி, எண்ணெய். எண்ணெய் தேய்த்து அந்தப் பட்டை தளராது அம்மா. ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறவருக்குக் கமிஷன் உண்டு; ‘குறைந்த விலை’ என்பது உங்களுக்காக அல்ல. ‘எந்த விரல்?’ என்று கேட்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் ஏழைக்குக் கிடைப்பதில்லை, ஸ்கேன் சீட்டு மட்டும் கிடைக்கிறது. எனக்கு இதில் ஆறாத கோபம்.

ஒரே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். நாலு மாதமாக மெல்ல வந்தது வேறு, திடீரென்று வருவது வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே கை தொய்ந்தால், வாய் ஒருபக்கம் கோணினால், பேச்சுக் குழறினால் அது மூளைதான். இடது மூளை வலது பக்கத்தை ஆள்வதால் ஒரு பக்கமாகவே விழும். அப்போது ஸ்கேன் உடனே வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பச்சிலை வைத்தியர் வீட்டு வாசலில் அந்த நேரத்தைத் தொலைத்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கை கால் நீவக்கூட நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள்.

சரி, உங்கள் கைக்கு வருவோம். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைக் கட்டிப் படுங்கள். சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் சோதனைதான் உங்களுக்குப் பொருந்தும். தேவைப்பட்டால் மணிக்கட்டில் ஊசி. அதற்கும் மசியாவிட்டால் மணிக்கட்டுக்குள் நரம்பை நெருக்கும் அந்தக் கெட்டிப் பட்டையை வெட்டிவிடும் சின்ன அறுவை. பெருவிரல் அடிச்சதை வற்றியிருந்தால் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே கிளம்புங்கள். போகுமுன் மரக்கிற இடத்தைப் பேனாவால் கையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சொல்ல நேரம் இல்லாவிட்டாலும் கையை நீட்டினால் போதும்.