ரஷ்ய அரக்குப் பெட்டி ஓவியங்களை எப்படி ரசிப்பது?

முதலில் கருப்பு நிறத்தைப் பாருங்கள். பலேக் ஊர்ப் பெட்டிகளில் கருப்பு வெறும் பின்னணி அல்ல. அதுவே இரவு, காடு, வானம் எல்லாம். தேவாலயத் திருவுருவங்கள் தீட்டி வாழ்ந்த ஊர் அது. 1917 புரட்சிக்குப் பின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அவ்வூர் ஓவியர் இவான் கோலிகோவும் தோழர்களும் 1924இல் கூட்டுறவு அமைத்து, திருவுருவங்களுக்குப் பயன்படுத்திய அதே முட்டை மஞ்சள்கரு வண்ணத்தைக் காகிதக்கூழ்ப் பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் கதை வீரர்களுக்கும் புனிதர்களின் நீண்ட, மெலிந்த சாயல். குதிரைப் பிடரியில் மயிரிழைபோல் ஓடும் பொற்கோடுகளை ஓநாய்ப் பல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள்!

மாஸ்கோ அருகிலுள்ள ஃபெடோஸ்கினோவில் எண்ணெய் வண்ணம். சில இடங்களில் அடியில் முத்துச்சிப்பி பதிப்பார்கள். பெட்டியைச் சற்றே சாய்த்தால் ஓவியத்துக்குள்ளிருந்தே ஒளி கசியும். என் மனம் என்னவோ பலேக் பக்கம்தான்.