சித்தி எங்கே நிற்பார்?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் திருச்சியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். சித்தப்பா போன பிறகு சித்தி ஒண்டியாக வளர்த்த பெண். என் அப்பா அம்மாதான் தாரை வார்த்துக் கொடுக்கிறார்கள். நண்பனிடம் கேமரா இரவல் வாங்கியிருக்கிறேன், 50 எம்எம் 1.8 லென்ஸோடு. தாலி கட்டுவதை நன்றாக எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வாங்கட்டுமா? மேடையில் எங்கே நிற்பது?

கே.

அன்புள்ள கே.,

ஃபிளாஷ் வேண்டாம். அந்த லென்ஸ் போதும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600க்கு ஏற்றுங்கள். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும்.

மேடையில் ஏறவே ஏறாதீர்கள். அட்சதையைக் கைக்குள் பொத்திக்கொண்டு விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு உங்கள் முதுகைக் காட்டுவதற்கா கேமரா? தாலியை எடுக்கக் காசு வாங்கிய ஆள் அங்கே இருப்பார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. சித்தி எங்கே நிற்பார்? அதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லையே!

1988இல் என் அக்கா கல்யாணம். மாமாவின் யாஷிகாவில் ஒரே ரோல், 36 படம். அக்காவைத் தூக்கி வளர்த்தவள் எங்கள் அத்தை. 26 வயதில் தாலி அறுத்தவள். முறுக்கு சுட்டது, சீர்த்தட்டு அடுக்கியது எல்லாம் அவள். முகூர்த்தம் நெருங்கியதும் சாமான் அறை வாசலுக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லாமலே போகும்படி முப்பது வருஷம் பழக்கியிருந்தோம். நானும்தான். கெட்டிமேளம் கேட்டதும் அங்கிருந்தபடியே மேடைப் பக்கம் அட்சதையைத் தூவினாள். அரிசி நாலடி தாண்டவில்லை. தற்செயலாகத் திரும்பியவன் அழுத்தினேன். கை ஆடிய படம்.

கல்யாண ஆல்பத்தில் 120 படம். ஒன்றிலும் அத்தை இல்லை. அக்கா இன்றைக்கும் என் படத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறாள். அத்தைக்குப் பக்கத்தில் போய் நிற்காமல் படம் எடுத்தேனே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி, தாரை வார்ப்பது உங்கள் வீட்டார். பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. இன்றே அம்மாவிடம் பேசுங்கள். பெற்றவள் மகள் பக்கத்தில் நிற்கட்டும். சாஸ்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் விடாதீர்கள். பிறகு சித்தியிடமும் போய்க் கூப்பிடுங்கள். அவரே மறுப்பார், மறுபடி கூப்பிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால், கெட்டிமேளம் கொட்டும்போது அவர் எந்த வாசலில் நிற்கிறாரோ அங்கே போய் நில்லுங்கள். கேமரா கழுத்திலேயே தொங்கட்டும்.