ஆள்காட்டியைக் காட்டிக் கொடுத்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 61. திருநெல்வேலிப் பக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பெரிய லென்ஸோடு ஒரு கேமரா வாங்கி, வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பறவைப் படக் குழுக்களில் சேர்ந்திருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடத்தில் ஓர் ஆள்காட்டி 4 முட்டையோடு உட்கார்ந்திருந்ததைப் படமெடுத்து, ஆசைப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கட்டுமே என்று மேப் லொகேஷனோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் அட்மின் தூக்கிவிட்டார். "இந்த மாதிரி ஆட்களால்தான் பறவைகள் அழிகின்றன" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் எழுதினார். ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிகிற பறவைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அதைவிடக் கொடுமை, அடுத்த வாரம் அதே படம் வேறொரு குழுவில் வேறொருவர் பெயரில் வந்து 300 லைக் வாங்கியிருந்தது. மனசே விட்டுப்போச்சு. குடும்பக் குழுவில் தினமும் ஒரு குறளும், கூகுளில் எடுத்த ஒரு பூப்படமும் போட்டுக் காலை வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அண்ணாச்சி, கேமராவைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிடாதீர்கள். படம் நன்றாக இருக்கிறது, வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்திருக்கிறீர்கள், கண் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். பறவை முட்டை மேல் உட்கார்ந்திருந்தது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், படத்தில் அது உட்காரவில்லையே. எழுந்து நிற்கிறது, இறக்கை பாதி விரிந்திருக்கிறது, அலகு திறந்திருக்கிறது, முட்டை நாலும் வெளியே தெரிகிறது. அது உங்களுக்கு போஸ் கொடுக்கவில்லை, "போ, போ" என்று கத்திக்கொண்டிருக்கிறது. பல வருஷமாகப் பறவை பார்க்கிறவர்களுக்கு இது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், அவர்கள் சுள்ளென்று கோபப்பட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி அந்த மேப்.

ஆள் வந்தால் கத்தி ஊருக்குச் சொல்லும், அதனால் ஆள்காட்டி என்று பேர் வைத்தார்கள். இந்தத் தடவை ஆள் பறவையைக் காட்டிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரெல்லாம் இருக்கிற பறவை என்பது சரி. ஆனால் அது மரத்தில் ஏறிக் கூடு கட்டுகிற ஜாதி இல்லை. பொட்டல் தரையில் லேசாகக் குழி பறித்து, சுற்றிக் கொஞ்சம் சரளைக்கல்லைப் போட்டு, அதில் மூன்றோ நாலோ முட்டை வைக்கும். முட்டையும் கல்லும் ஒரே நிறம், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. அதற்கு இருக்கிற பெரிய காவல் அந்த நிறம்தான். நீங்கள் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்த உடனே அந்தக் காவல் போயிற்று. அப்புறம் வெயில். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி உட்காருவதை நாம் அடைகாப்பது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் நம் ஊர் ஏப்ரல் மத்தியானத்தில் அது சூடு கொடுக்க உட்காருவதில்லை, முட்டை வெந்துவிடாமல் நிழல் கொடுக்க உட்காருகிறது. தண்ணீரில் இறங்கி வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காருவதும் உண்டு. உங்களைப் போல ஆசைப்பட்டு நாலு பேர் வந்து ஆளுக்குக் கால் மணி நேரம் நின்றால், அது எழுந்து சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருக்கிற அந்த ஒரு மணி நேரமும் முட்டைகள் வெறும் வெயிலில் கிடக்கும். வந்தவர்களில் யாரும் கெட்டவராக இருக்கவேண்டியதே இல்லை, எல்லாரும் நல்லவர்களாக இருந்தாலே போதும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஓர் அட்மின் ஏன் படபடவென்று தூக்கினார் என்பது இப்போது புரியும். கூட்டுப் படமே வேண்டாம் என்று விதி வைத்திருக்கிற குழுக்கள் நிறைய. சேரும்போது அந்த விதியை ஒருமுறை படித்திருக்கலாம் (நானும் படித்ததில்லை, அதனால் இதில் உங்களை ரொம்பக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது).

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தையல்சிட்டு இலையை நூல் மாதிரி நாரால் தைத்துக் கூடு கட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன், தெருப் பேரையும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் இரண்டு பேர், தெரியாதவர் மூன்று பேர். அதில் ஒருவர் குஞ்சின் வாய் சரியாகத் தெரியவில்லை என்று மறைத்துக்கொண்டிருந்த இலையை நூல் போட்டு இழுத்துக் கட்டினார், போகும்போது அவிழ்த்துவிட மறந்துவிட்டார். நான் காபி போட உள்ளே போயிருந்தேன். மறுநாள் காலையில் செம்போத்து ஒன்று செடியிலிருந்து சாவகாசமாக இறங்கி வந்தது, கூடு காலி. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதுவரை வேறு எங்கேயும் போட்டதில்லை.

சரி, கூட்டை எடுத்தாலே பாவமா? இல்லை. பறவைப் படக்கலையே கூட்டில்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1890களில் படமெடுத்தபோது பறக்கிற பறவையைப் பிடிக்கிற வேகம் அந்தக் கேமராவுக்குக் கிடையாது, பறவை ஓரிடத்தில் நிலையாக இருப்பது கூட்டில்தான். உள்ளே கூடாக்கிய மாட்டுத் தோலுக்குள் ஒளிந்துகொண்டெல்லாம் எடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் தானே சேர்த்துக் கட்டிய கனமான கேமராவைச் சுமந்துகொண்டு காடு காடாக அலைந்தவர். அவர்கள் காலத்தில் ஃபிலிமைக் கழுவி, பிரதி போட்டு, பத்திரிகைக்கு அனுப்பி, அது அச்சாகி வாசகர் கைக்கு வர வாரமோ மாதமோ ஆகிவிடும். அதற்குள் குஞ்சு பொரிந்து பறந்து, கூடே காற்றில் போயிருக்கும். இன்றைக்குப் பறவை முட்டை மேல் உட்கார்ந்திருக்கும்போதே படம் 500 பேர் கையில் இருக்கிறது. கூட்டைப் பார்க்கிற ஆசை புதிது இல்லை, அந்த இடைவெளிதான் நமக்கு இல்லாமல் போய்விட்டது.

அதனால் நான் செய்வது இதுதான்: அந்த இடைவெளியை நானே போட்டுக்கொள்கிறேன். ஆள்காட்டிக்கு முட்டை பொரிய ஏறக்குறைய 4 வாரம். பொரிந்த குஞ்சு கூட்டிலேயே கிடப்பதில்லை, சீக்கிரமே தாயோடு ஓட ஆரம்பித்துவிடும். நல்ல தூரத்திலிருந்து, பறவை எழுந்திருக்காத தூரத்திலிருந்து எடுங்கள். 600 எம்எம் லென்ஸ் வாங்கியதே அதற்குத்தானே. எடுத்ததை இரண்டு மாதம் கழித்துப் போடுங்கள். இடம் கேட்டால் மாவட்டம் பேர் போதும். இது நான் கண்டுபிடித்த ஒழுங்கு இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழிவின் விளிம்பில் இருக்கிற உயிரினத்தின் படத்தை ஏற்றினால், சரியான புள்ளியைப் பொதுவில் காட்டாமல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கேயோ என்றுதான் அதுவே காட்டும். பறவை பார்த்ததைப் பதிவு செய்கிற ஈபேர்ட் தளத்திலும் ஆபத்தில் இருக்கும் சில பறவைகளுக்கு இடத்தை மறைத்துவிடுகிறார்கள்.

ஆந்தை என்றால் மட்டும் இரண்டு மாதக் கணக்கும் செல்லாது. ஆந்தைக் கூட்டை, அது பகலில் தூங்குகிற பொந்தைக்கூட, எந்தக் காலத்திலும் இடத்தோடு போடாதீர்கள். மாந்திரீகம், பூஜை என்று ஆந்தையைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுவும் தீபாவளி நெருங்கினால் தேடல் கூடும். தேவாங்குக்கும் இதே கதைதான். கிளிக் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்து விற்கிறவர்களும் செல்போன் வைத்திருக்கிறார்கள், நம் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்கு எங்கே தெரியும்.

மேப் போடாவிட்டாலும் படம் இடத்தைச் சொல்லும், இது பலருக்குத் தெரியாது. செல்போனில் லொகேஷன் டேக் ஆன் செய்து எடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், ஆனால் தெளிவு குறையக்கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்புகிறோமே, அப்போது அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடுங்கள். பின்னணியில் தெரிகிற பிளாட் விளம்பரப் பலகையையும் வெட்டிவிடுங்கள், உங்கள் படத்தில் நகர் பேரும் போன் நம்பரும் தெளிவாகப் படிக்க வருகிறது!

விதிவிலக்கும் உண்டு. உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளே, வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகின்றன. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது, காவலுக்கு ஊரே இருக்கிறது, ஒளிக்க அங்கே ரகசியம் ஒன்றும் கிடையாது. அங்கே எடுத்த படத்தை ஊர் பேரோடு தாராளமாகப் போடலாம், மரத்தடிக்குப் போய்க் கைதட்டிப் பறக்கவிட்டு எடுக்காத வரைக்கும்.

எல்லார் முன்னாலும் திட்டியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். விஷயம் சரி, சொன்ன விதம் தப்பு. புதிதாக வந்தவரிடம் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே மேப்பை எடுத்திருப்பீர்கள். அட்மினும் படத்தை எடுத்த கையோடு காரணத்தைச் சொல்லியிருக்கவேண்டும். இப்படி அவமானப்பட்டவர்கள் திருந்துவதைவிட, கேள்வி கேட்காத வேறு குழுவுக்குப் போய்விடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் போகாமல் எனக்கு எழுதினீர்கள், அதற்கு நன்றி.

அப்புறம் அந்த 300 லைக் ஆசாமி. அது திருட்டுத்தான், சந்தேகம் வேண்டாம். படமெடுத்த நிமிஷமே பதிப்புரிமை உங்களுடையது, எங்கேயும் பதிவு செய்யவேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் அந்த உரிமை உண்டு. இதை எடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் 1957-ஆம் ஆண்டின் அதே சட்டம் தனியாகவே கொடுத்திருக்கிறது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அவருக்குத் தனியாக, "இது நான் எடுத்தது, பேர் போடுங்கள், இல்லை எடுத்துவிடுங்கள்" என்று எழுதுங்கள். பாதிப் பேர் "யாரோ அனுப்பினாங்க சார்" என்று அசடு வழிந்துகொண்டு எடுத்துவிடுவார்கள். மசியவில்லை என்றால் அந்தக் குழு அட்மினிடம் உங்கள் கேமராவில் இருக்கிற மூல ஃபைலைக் காட்டுங்கள், அதிலிருக்கிற தேதியும் கேமரா விவரமும் திருடியவரிடம் இருக்காது. அதற்கும் அசையவில்லை என்றால் ஃபேஸ்புக்கிலேயே பதிப்புரிமைப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. இனிமேல் படத்தின் ஓரத்தில் சின்னதாகப் பேர் போடுங்கள். சிலர் பறவையின் நெஞ்சு மேல் நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரிப் பெரிதாகப் போடுகிறார்கள், அதற்குத் திருட்டுப் போவதே மேல்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மறுபடி படித்தேன். கூகுளில் எடுத்த பூப்படம். அண்ணாச்சி, அந்தப் பூவை யாரோ ஓர் அண்ணாச்சிதானே காலையில் எழுந்து போய்க் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்திருப்பார்? கூகுள் வெறும் வழிகாட்டி, படம் அதனுடையது இல்லை. குடும்பக் குழுவுக்குள் போடுவதால் அந்த மனிதருக்குக் கைக்காசு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது, ஆனால் உங்களுக்கு இப்போது வயிறு எரிகிறதே, அதே எரிச்சல் அவருக்கும் இருக்கும். அதுவும் அதன் மேல் குறளையும் எழுதி ஓரத்தில் உங்கள் பேரையும் போடுகிறீர்கள் என்றால் (போடுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது), அந்த 300 லைக் ஆசாமிக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. வீட்டு வாசலில் செம்பருத்தி இல்லாமலா போய்விட்டது? கேமரா கையில் இருக்கிறது, குறளுக்கும் பஞ்சமில்லை.

ஏப்ரல் தொடக்கத்து முட்டை என்றால், இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது ஒன்று குஞ்சு பொரிந்து ஓடிக்கொண்டிருக்கும், இல்லை ஜேசிபி வந்திருக்கும். சாலையில் நின்றபடியே ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். குஞ்சு தெரிந்தால் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் உங்கள் பேரோடு போடுகிறேன். ஊர் பேர் மட்டும் எனக்கும் எழுதவேண்டாம்.