‘இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வோம்’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: சில மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். ‘பேனிக் அட்டாக் மாதிரி தெரிகிறது, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள்’ என்றார் குடும்ப மருத்துவர். தேடினால் சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சிலர், தெரபிஸ்ட் என்று பெயர்கள் கொட்டுகின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். ‘இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வோம்’ என்றார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வரவேற்பு மேசையில் சொல்லப்படும் ‘எடுத்துக்கொள்வோம்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. உங்கள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, பில்லை நாங்களே அனுப்பிவிடுவோம் என்பது ஒன்று. அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உண்டு, ஆனால் உங்கள் பாலிசி அதில் அடங்குமா என்று பார்க்கவில்லை என்பது இரண்டாவது. முழுப் பணத்தையும் நீங்கள் கட்டுங்கள், ரசீது தருகிறோம், க்ளெய்ம் செய்வது உங்கள் பாடு என்பது மூன்றாவது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவதைக் கேட்டுவிட்டு முதலாவது என்று நினைத்து உட்கார்ந்தவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘இன்ன நிறுவனம், இன்ன திட்டம்; இந்த சைக்காலஜிஸ்ட் இன்றைய தேதியில் அந்த நெட்வொர்க்கில், அதாவது ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், இருக்கிறாரா?’ திட்டத்தின் பெயரை அட்டையைப் பார்த்து அப்படியே படியுங்கள். ஆளின் பெயரையும் சொல்லுங்கள். பல இடங்களில் ஒப்பந்தம் கிளினிக்கோடு அல்ல, தனித்தனி ஆளோடு. ஒரே கூரையின் கீழ் ஒருவர் நெட்வொர்க்கில் இருப்பார், அடுத்த அறைக்காரர் இருக்கமாட்டார்.

அதே கேள்வியை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். அவர்கள் இணையத்தில் வைத்திருக்கும் பட்டியலை ஆள் தேடப் பயன்படுத்துங்கள், முடிவெடுக்க வேண்டாம். வேலையை விட்டவர், இடம் மாறியவர், புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ளாதவர் எல்லாரும் அதில் பத்திரமாக இருப்பார்கள்.

தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ‘மருத்துவமனையில் சேராமல், வெளிநோயாளியாக சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தால் பணம் உண்டா?’ படுக்கையில் சேர்த்தால் மட்டுமே மனநலச் செலவைத் தரும் பாலிசிகள் நிறைய. இல்லை என்று பதில் வந்தால் நெட்வொர்க் பற்றிய பேச்சே வேண்டியதில்லை. உண்டு என்றால் மேலே கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை அமர்வு, முன் அனுமதி வேண்டுமா, பாலிசி எடுத்த புதிதில் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் ஏதாவது பாக்கி இருக்கிறதா, டிடக்டிபிள் (நிறுவனம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு? டிடக்டிபிள் முழுவதும் தீரும்வரை, நெட்வொர்க்கில் இருப்பவரைப் பார்த்தாலும் பணம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருகைக்கும் ‘கோ-பே’ என்று உங்கள் பங்குத் தொகை ஒன்று இருக்கலாம். குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையா என்பதையும் கேட்டுவிடுங்கள். தேவையென்றால், உங்கள் மருத்துவர் வாயால் சொன்னதை முதல் அமர்வுக்கு முன்பே எழுதி வாங்குங்கள். அமர்வுக்குப் பிறகு வாங்கிய கடிதத்தைக் காட்டி அந்த அமர்வுக்குப் பணம் கேட்பது பெரிய போராட்டம்.

பேசிய தேதி, பேசியவர் பெயர், அழைப்பின் குறிப்பு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். அதே பதிலை மின்னஞ்சலில் தரச் சொன்னால் இன்னும் நல்லது. இதுவும் உத்தரவாதம் ஆகிவிடாது. ஆனால் நாளைக்கு வழக்காடும்போது வெறுங்கையோடு நிற்கமாட்டீர்கள்.

சரி, யாரைத் தேடுவது? சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் மேற்படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர். சோதனைகள் செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து எழுத முடியாது. ‘தெரபிஸ்ட்’, ‘கவுன்சிலர்’ என்ற பெயர்களைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால் உரிமம் தரும் அமைப்பின் பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் நீங்களே பாருங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழ் அந்த வேலையைச் செய்யாது. இன்னொன்று: சில கிளினிக்குகளில் பயிற்சியில் இருப்பவர், மூத்தவரின் மேற்பார்வையில் உங்களைப் பார்ப்பார். அதில் தவறில்லை. நல்ல சிகிச்சையே கிடைக்கலாம். ஆனால் அவருடைய அமர்வுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருமா என்பது தனிக் கேள்வி.

உங்கள் தொந்தரவுக்கு ‘சிபிடி’ எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) நல்ல ஆதாரம் இருக்கிறது. ‘பேனிக் பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எப்படிச் சிகிச்சை செய்வீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். இதற்கு முகம் சுளிப்பவரிடம் மனத்தைத் திறந்து பேசுவது கஷ்டம்தான்.

பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பதற்காகவும் முடிவெடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை, 45 அல்லது 50 நிமிடம் என்பது வழக்கமான முறை. நடந்து போகும் தூரத்தில் இருப்பவர் மூன்று மாதம் கழித்துத்தான் நேரம் தருவார் என்றால், அவர் உங்களுக்கு அருகில் இல்லை என்றுதான் அர்த்தம். (உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்தால் இந்த விசாரணைகள் எதற்கும் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.)

அப்புறம், ரசீது. எனக்கே ஒருமுறை க்ளெய்ம் திரும்பி வந்தது. பில்லில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று ஒரே வரி; என்ன நோய்க்கு, யார் பார்த்தார்கள் என்று எதுவும் இல்லை. சைக்காலஜிஸ்ட் பெயர், உரிம எண், அமர்வுத் தேதி, நோய்க் குறியீடு, பணம் கட்டியதற்கான அத்தாட்சி இவை இருக்க வேண்டும். நோய்க் குறியீடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியலில் உள்ள எண். அதன் 10-ஆம் பதிப்பில் பேனிக் கோளாறு ‘எஃப் 41.0’. 11-ஆம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்துவிட்டாலும் பழைய எண்ணைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. எது வேண்டும் என்று கேட்டு அதையே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. சைக்காலஜிஸ்ட்டிடம் மதிப்பீடு செய்து அறிக்கை வாங்கி வரச் சொல்கிறது பள்ளி. இன்ஷூரன்ஸ் தருமா?

பதில்: வேடிக்கை என்னவென்றால், கிளினிக்கல் சைக்காலஜி என்ற தொழில் தொடங்கியதே உங்கள் மகனைப் போன்ற ஒரு பையனால்தான். 1896-இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கிளினிக்கைத் திறந்தபோது, முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஒரு சிறுவன். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அதை நோயாகப் பார்ப்பது குறைவு. ‘இது கல்விச் செலவு’ என்று தள்ளிவிடுவார்கள்.

கவனக்குறைவுக் கோளாறு போல வேறு ஏதாவது இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டால், அதை அவர் எழுதித் தர வேண்டும். அப்போது கதவு கொஞ்சம் திறக்கலாம். இல்லாத சந்தேகத்தை எழுதி வாங்காதீர்கள். அந்த வரி பையனின் கோப்பில் நிற்கும். மதிப்பீடு ஒரே அமர்வில் முடியாது. சோதனைக்குச் சில மணி நேரம், அறிக்கை எழுதத் தனி நேரம். மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், முன் அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், பள்ளியே தன் செலவில் செய்து தருமா என்றும் விசாரியுங்கள். இதைக் கேட்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நான் என் கணவரின் பாலிசியில் இருக்கிறேன். சைக்காலஜிஸ்ட்டிடம் போவது அவருக்குத் தெரிய வேண்டாம். முடியுமா?

பதில்: அமர்வில் என்ன பேசினீர்கள் என்பது அவருக்குப் போகாது. ஆனால் யாரைப் பார்த்தீர்கள், எந்தத் தேதியில், எவ்வளவு செலவு என்ற கணக்கு பாலிசிதாரர் பெயருக்குத்தான் பெரும்பாலும் வரும். ஆன்லைன் கணக்கிலும் தெரியும். க்ளெய்ம் போடுவதற்கு முன் நிறுவனத்தை அழைத்து, அந்தச் செலவுக் கணக்கை உங்கள் முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ திருப்பிவிட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் சொந்தப் பணத்தில் போவதுதான் வழி. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் சைக்காலஜிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், பயிற்சி மாணவர்கள் பார்க்கும் பல்கலைக்கழக கிளினிக்குகளும் உண்டு. முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.