சூப்பர் 8 ஃபிலிமில் படமெடுத்து டிஜிட்டல் வீடியோவாக மாற்றுவது எப்படி?

சூப்பர் 8 என்பது 1965இல் கோடக் கொண்டுவந்த 8 மி.மீ. அகல சினிமா ஃபிலிம். அதன் கார்ட்ரிட்ஜில் (ஃபிலிம் அடைத்த சின்னப் பெட்டி) இருப்பது 50 அடி. நொடிக்கு 18 ஃபிரேம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. 24 வைத்தால் இரண்டரை நிமிடம்தான். பட்டனை அமுக்குமுன் விரல் தானாகவே யோசிக்கும். பழைய கேமரா வாங்கினால் பேட்டரி அறையில் கசிவால் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் புரொஜெக்டர் ஓட்டி செல்போனில் பிடிக்கச் சொல்வார்கள், வேண்டாம். புரொஜெக்டர் ஷட்டரும் போனின் வேகமும் ஒத்துப்போகாமல் படம் மினுக்மினுக்கென்று துடிக்கும். (நெகடிவ் ஃபிலிம் என்றால் நிறமும் வெளிச்சமும் தலைகீழாகத் தெரியும், அந்தப் பேச்சுக்கே இடமில்லை.) செலவானாலும் ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்யும் லேபில் கொடுங்கள். எடிட்டிங்கில் 18 ஃபிரேமில் எடுத்ததை 18 என்றே குறிப்பிடுங்கள். 24 என்று போட்டால் நிதானமாக நடந்த தாத்தாகூட விறுவிறுவென்று ஓடுவார்.