குழாயின் அடியில் துளியே நிற்கவில்லையே?

கேள்வி: கிணற்று நீரில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை அளவிடுகிறேன். இதுவரை ஒரு லிட்டர் நீரைப் பிரிபுனலில் ஊற்றி, 60 மில்லி டைகுளோரோமீத்தேனால் மூன்று முறை குலுக்குவேன். இப்போது டிஎல்எல்எம்இ முறைக்கு (மிகக் கொஞ்சம் கரைப்பானை நீரில் நுண்துளிகளாகச் சிதறவிட்டு, அளவிட வேண்டிய பொருளை அதற்குள் இழுக்கும் முறை) மாறியிருக்கிறேன். 5 மில்லி நீரில், 1 மில்லி அசிட்டோனில் கலந்த 30 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்மைச் சிரிஞ்சால் பாய்ச்சுகிறேன். சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிக் கனமானதை அடியில் படியவைக்கும் கருவி) சுற்றியபின் சில நாள் சின்னத் துளி இருக்கிறது, சில நாள் ஒன்றுமே இல்லை. ஏன்?

பதில்: உங்கள் குளோரோஃபார்ம் நீரிலேயே கரைந்துபோகிறது. ஒரு லிட்டர் நீர் சுமார் 8 கிராம் குளோரோஃபார்மை விழுங்கும். அப்படியானால் 5 மில்லிக்கு 40 மில்லிகிராம். அடர்த்தி 1.49 என்பதால் அது ஏறத்தாழ 27 மைக்ரோலிட்டர். நீங்கள் ஊற்றுவதே 30! பிரிபுனலில் 180 மில்லி ஊற்றும்போது கொஞ்சம் கரைந்தாலும் கண்ணில் படாது. இங்கே அதுவே முழு முதலும். போதாததற்கு, அசிட்டோன் கலந்த நீரில் குளோரோஃபார்ம் இன்னும் எளிதாகக் கரையும். அசிட்டோனோ வெப்பமோ கொஞ்சம் மாறினாலும் துளி காணாமல் போய்விடும்.

டெட்ராகுளோரோஎத்திலீனுக்கு மாறுங்கள். அசிட்டோன் கலக்காத 5 மில்லி நீரில் அது ஒரு மைக்ரோலிட்டர் அளவுக்குக்கூடக் கரையாது. 2006-இல் ஈரானிய ஆய்வாளர்கள் இந்த முறையை முதலில் வெளியிட்டபோது, 1 மில்லி அசிட்டோனில் அதைத்தான் வெறும் 8 மைக்ரோலிட்டர் சேர்த்தார்கள். அசிட்டோனால் கொஞ்சம் கரைந்தும் அடியில் 5 நின்றது. 5 மில்லியில் இருந்தது 5 மைக்ரோலிட்டருக்குள் வந்தால் ஆயிரம் மடங்கு செறிவு. (அளவு குறைவுதானே என்று ஃபியூம் ஹூடை (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அறை) விட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.)

துளி நின்றுவிட்டால் அடுத்த தலைவலி அதன் கன அளவு. 5 மைக்ரோலிட்டரில் 1 கூடினாலோ குறைந்தாலோ முடிவு 20 சதவீதம் ஆடும். என்னைக் கேட்டால், இந்த முறையில் மறுபடி மறுபடி ஒரே எண் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே கரைப்பானைப் பாய்ச்சுவதற்கு முன்பே, நீரில் டிரைபினைல் பாஸ்பேட் போன்ற ஒன்றை அக நியமமாக (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) சேருங்கள். துளி பெருத்தாலும் சிறுத்தாலும் குளோர்பைரிபாஸுக்கும் அதற்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. அளவுக்கோட்டுக்கான நியமக் கரைசல்களையும் நேரடியாக ஜிசியில் (வாயு நிறப்பிரிகை அளவீட்டுக் கருவி) ஏற்றாமல், இதே படிகள் வழியாகக் கொண்டுவாருங்கள்.

உப்பு சேர்க்கச் சொல்வார்கள். அளவோடு சேருங்கள். குளோரோபென்சீன் என்ற இன்னொரு கரைப்பானைப் பயன்படுத்துபவர் நீரில் 20 சதவீதம் உப்பைக் கொட்டினால், அசிட்டோன் இருந்தும் நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.11-க்கு வந்துவிடும். குளோரோபென்சீனின் அடர்த்தியும் அதுவே. அப்புறம் துளி கீழே இறங்குமா, நடுவிலேயே தொங்கும்.

குளோரின் கரைப்பானே வேண்டாம் என்றால் 1-டோடெக்கனால் இருக்கிறது. அது மேலே மிதக்கும். பனிக்கட்டியில் வைத்தால் உறையும், அப்படியே எடுத்துவிடலாம். உருகுநிலை 24 டிகிரி, நம் ஊர் வெயிலில் கரண்டியால் எடுப்பதற்குள் உருகிவிடும். கரண்டியையும் குளிர வைத்துக்கொள்ளுங்கள்.

கலங்கல் நீரானால் முதலில் வெறுமனே ஒரு சுற்று சுற்றித் தெளிவை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் வண்டல் துளியோடு ஒட்டிக்கொள்ளும். வண்டலில் ஒட்டிய குளோர்பைரிபாஸ் கணக்கில் வராது என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். நாளை இதே குழாயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியையும் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது, நீரை அவ்வளவு விரும்பும் பொருள் அந்தத் துளிக்குள் வராது.